சுவரைப் பார்த்த நாற்காலி

நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டு, அதில் உட்கார்ந்தவரின் இரண்டு கைக்கும் நடுவில் ஒரு கோப்பையை வைத்து, விளிம்பு தளும்பச் சுடுதேநீர் ஊற்றுகிறாள் சனாயே. இன்னும் ஒரு சொட்டு விட்டால் வழிந்துவிடும். அந்தச் சொட்டு விழுவதற்குள் கெண்டியை நிமிர்த்துவது அவளுக்குப் பழக்கம்.

“குடிக்கிறதுக்கு இல்ல, கமேயாமா சான். பிடிச்சுக்கறதுக்கு.”

“எதுக்குன்னு தெரிஞ்சுக்கலாமா, சென்செய்?”

“சென்செய்ங்கறது வாத்தியாருக்கும் பல்லுப் புடுங்கறவருக்கும். எனக்கு வேணாம். கை சும்மா இருந்தா நீங்க எந்திரிச்சு வந்து ஆடறவங்க காயை நகர்த்தி வைப்பீங்க. ‘அப்படியில்ல, இப்படி’ம்பீங்க. நாளைக்கு ஒருத்தன் உங்க ஆட்டத்தைக் கடையில வாங்கிட்டுப் போனா, பெட்டிக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டு அவன் வீட்டுக்கும் போவீங்களா?”

கமேயாமா கோப்பையை இறுகப் பிடித்துக்கொண்டார். திருகாணி செய்யும் கம்பெனியில் முப்பத்தாறு வருஷம் விற்பனை பார்த்து ஓய்வு பெற்றவர். சனிக்கிழமையும் டை கட்டியிருந்தார். தான் செய்த பலகை ஆட்டத்தை பிஸ்கட் டின்னில் போட்டு, துணியில் முடிந்து கொண்டுவந்திருந்தார். வாசலிலிருந்து மேசை வரை எல்லாருக்கும் குனிந்து வணக்கம் சொன்னவர், இப்போது அதே மேசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சுவரில் ஒட்டியிருக்கும் தீயணைப்பு அறிவிப்பைப் படித்துக்கொண்டிருக்கிறார். அறுபத்து மூன்று வயதில் பள்ளிக்கூடத்துத் தண்டனை. காதுமடல் சிவந்துபோயிற்று.

ஹிகாஷி ஒசாகாவில் ஒரு சமூகக் கூடத்தின் இரண்டாம் மாடி இது. மாதம் இரண்டு சனிக்கிழமை, காலை பத்திலிருந்து மாலை ஐந்து வரை வாடகைக்கு எடுத்த அறை. பக்கத்து அறையில் பாட்டுக் குழு ஒன்று வருஷக்கணக்காக ஒரே பாட்டின் ஒரே அடியில் சறுக்கிக்கொண்டிருக்கிறது. இந்த அறைக்கு வருகிறவர்கள் சொந்தமாகப் பலகை ஆட்டம் செய்து, சில நூறு பெட்டி அச்சடித்து, மே மாதச் சந்தையில் விற்க ஆசைப்படுகிறவர்கள். லேத் பட்டறைக்காரர், தபால்காரர், கல்லூரிப் பெண்கள், இரட்டைக் குழந்தையின் தகப்பன். அவர்கள் செய்துகொண்டு வருவதில் என்ன கோளாறு என்று பதினொரு வருஷமாகச் சொல்லிவருகிறாள் சனாயே. அந்த வேலையை அவளுக்கு யாரும் கொடுக்கவில்லை. முதல் நாள் ஒருவரிடம் உண்மையைச் சொன்னாள். அடுத்த முறை மூன்று பேர் வரிசையில் நின்றார்கள்.

வயது ஐம்பத்தொன்பது. ஆள் குள்ளம், மணிக்கட்டு பருமன். நகத்தைச் சதையோடு ஒட்ட வெட்டியிருப்பாள். மோதிரம் கிடையாது. கடிகாரத்தைக் கையில் கட்டாமல் சட்டையில் ஊசியால் குத்தியிருப்பாள். முதியோர் பகல் இல்லத்தில் வாரம் நான்கு காலை, கிழவர் கிழவிகளைக் குளிப்பாட்டுகிறாள். யாரைத் தூக்குவதற்கு முன்னும் இரண்டு விரலால் தோளைத் தொட வேண்டும் என்பது அங்கே முதல் பாடம். சொல்லாமல் தூக்கினால் உடம்பு இறுகிக்கொள்ளும். இறுகின உடம்பு இரண்டு மடங்கு கனம். முப்பது வருஷத்தில் அந்தத் தொடுகை அவள் விரலில் ஊறிவிட்டது. குளிர்பதனப் பெட்டியைத் திறக்குமுன் அதன் கதவைத் தொடுகிறாள். கடைத் தட்டிலிருந்து சோற்று உருண்டையை எடுக்குமுன் அதையும் தொடுகிறாள். கூட வேலை செய்கிறவர்கள் கேலி செய்தால், “அப்படியா? நான் எங்க தொட்டேன்?” என்பாள். அவளுக்குத் தெரியாது.

ஆட்டத்தைப் பற்றி அவள் அறிந்ததெல்லாம் குளியலறையில் அறிந்ததுதான். “ஒரு தடவை ‘ஆமா’ன்னா புரிஞ்சுதுன்னு அர்த்தம். ‘ஆமா, ஆமா’ன்னா புரியலன்னு அர்த்தம். விதி சொல்றப்ப எத்தனை ஆமா வருதுன்னு எண்ணுங்க.” முகத்தைப் பார்க்கவே கூடாது என்பது அவள் கட்சி. இந்த ஊர் முகம் யாரையும் புண்படுத்தாது. கூடத்துக்குள் எல்லாரும் செருப்பை வாசலில் விட்டுவிட்டு, கூடத்தின் பச்சை ரப்பர் செருப்பைப் போட்டுக்கொள்கிறார்கள். அலுப்புத் தட்டினவரின் முகம் சிரித்துக்கொண்டே இருக்கும். கால் மட்டும் மேசைக்கடியில் செருப்பைக் கழற்றும், மாட்டும், கழற்றும். டப், டப் என்று ஓசை வரும். ஆட்டம் செய்தவரைச் சுவரைப் பார்க்க உட்கார வைப்பது அதற்குத்தான். முகங்கள் மறைந்தால் செருப்பு காதில் விழும்.

இன்னொரு சட்டமும் உண்டு. ஆடி முடித்து “சுவாரசியமா இருந்துச்சு” என்று யார் சொன்னாலும் அன்றைய கோப்பை அத்தனையும் அவர் கழுவ வேண்டும். “பக்கத்து வீட்டுக் குழந்தை பியானோ வாசிச்சாலும் அதைத்தான் சொல்றோம். அந்த வார்த்தைக்கு இங்க வேலையில்ல.”

கமேயாமாவின் ஆட்டத்தை ஆடியவர்கள் இருவர். ஹபு, முப்பத்து நான்கு வயது, பொய்ப்பல் செய்கிறவன், பொறுமைசாலி, வாய்த்துடுக்கு. இச்சிஜிமா, ஐம்பது கடந்தவள், மழலையர் பள்ளியில் மதியச் சாப்பாடு சமைக்கிறவள். வருகிறபோதெல்லாம் எல்லாருக்கும் ஆரஞ்சு உரித்துக் கொடுப்பாள். சனாயேவின் மேசையில் ஆறு வருஷமாகத் தவறாமல் உட்காருகிற இருவர்.

இருபது நிமிஷம் போயிற்று. டப், டப். பிறகு இரண்டு ஜோடியும் சேர்ந்து டப், டப், டப். கமேயாமாவின் தோள் ஒவ்வொரு ஓசைக்கும் ஒரு நூல் இறங்கியது. கோப்பையிலிருந்து மட்டும் ஒரு சொட்டும் சிந்தவில்லை.

“திரும்புங்க,” என்றாள் சனாயே. “வயசுல மூத்தவர் முதல்ல ஆடணும்னு எழுதியிருக்கீங்க. மூத்தவர் தப்பா ஆடினா காயைத் திருப்பி எடுத்துக்கலாம்னும் எழுதியிருக்கீங்க. இதுல மூத்தவர் எப்படித் தோப்பாரு?”

“தோக்க மாட்டாரு,” என்றார் கமேயாமா, அதில் என்ன கேள்வி என்பதுபோல.

ஹபு சிரித்துவிட்டான். “ஐயா, இது ஆட்டம் இல்ல. செத்தாய்.”

செத்தாய் என்பது அந்த ஊர் வியாபாரத்தில் ஒரு சொல். வாடிக்கையாளரை, மேலதிகாரியை, வேண்டியவரை மனம் குளிரவைப்பது. சாராயம் வாங்கிக் கொடுப்பதில் தொடங்கி, சூதாட்ட மேசையிலும் கோல்ஃப் மைதானத்திலும் அவர் கையால் தோற்பதுவரை எல்லாம் அதில் அடக்கம். கமேயாமாவுக்கு அது கேலியாகவே படவில்லை. முப்பத்தாறு வருஷம் அதுதான் சோறு போட்டது.

“எழுதிக்கோங்க,” என்றாள் சனாயே. அவர் உடனே பேனாவை எடுத்தார். “விதியை ஒரே பக்கத்துல எழுதுங்க, கண்புரை இருக்கிற ஆளு படிக்கற அளவு எழுத்துல. பெட்டிக்குப் படம் இப்ப வரையாதீங்க. படம் அழகா இருந்தா ஆட்டத்தைத் தூக்கிப்போட மனசு வராது. உங்களுக்கு ரொம்பப் பிடிச்ச காய் எது?”

“அந்தப் பித்தளைத் திருகாணி. எங்க கம்பெனி முதல் அச்சுல வார்த்தது.”

“அதை எடுத்துடுங்க. அதுக்காக நாலு விதி எழுதியிருக்கீங்க, அது இல்லன்னா நாலும் வேணாம்.”

அவர் முகம் சுண்டிப்போயிற்று. ஆனாலும் எழுதினார்.

“கடைசியா ஒண்ணு. பெண்டாட்டி, கூட வேலை பாத்தவன், உங்களுக்கு நன்றிக்கடன் பட்டவங்க, இவங்க மூணு பேர்கிட்டயும் காட்டாதீங்க. உங்களுக்கு நன்றிக்கடன் படாதவன்தான் உண்மையா ஆடுவான்.”

“ஆமா, ஆமா,” என்றார் கமேயாமா. ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்த இச்சிஜிமா தலையை நிமிர்த்தவில்லை. தோலை வேண்டாத அளவுக்குச் சின்னச் சின்னதாகக் கிள்ளிக்கொண்டிருந்தாள்.

இரண்டு மணிக்கு மற்றவர்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். கமேயாமா கிளம்பவில்லை. எழுதின பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “உக்காந்திருங்க. இப்ப எங்க ஆட்டம். வேடிக்கை பாருங்க,” என்று சனாயே தேநீரை மாற்றிக் கொடுத்தாள், இந்த முறை குடிப்பதற்கு.

எங்கள் ஆட்டம் என்றாலும் அது அவளுடையது. பெயர் ‘காலை வண்டி’. ஒன்பது வருஷ உழைப்பு. மூன்று பேர் ஆடுவது. ஆளுக்கொரு பகல் இல்லத்து வண்டி. ஊருக்குள் போய்க் கிழவர் கிழவிகளை ஏற்றிக்கொண்டு பத்து மணிக்குள் குளிக்கக் கொண்டுவர வேண்டும். நூறு யென் கடையில் வாங்கிய பதினொரு மரப்பொம்மைதான் காய். நகப்பூச்சால் சட்டையும் மூக்குக்கண்ணாடியும் தீட்டியிருந்தாள். தொலைக்காட்சித் தொடர் முடியாமல் வாசல் தாண்டாதவர் ஒருவர். ஜன்னலோரம் கிடைக்காவிட்டால் ஏறமாட்டேன் என்கிற பாட்டி. தள்ளுநாற்காலிக்காரர், அவருக்குத்தான் புள்ளி அதிகம். எல்லாரும் அவரவர் வாசலில் நிற்பார்கள், ஆனால் எந்நேரமும் மூன்று பேர்தான் ஏறத் தயாராக இருப்பார்கள். எந்தத் தெருவுக்குப் போவது என்று ஒவ்வொருவரும் ஒரு சீட்டைக் கவிழ்த்து வைத்து, ஒரே நேரத்தில் திருப்ப வேண்டும். தெருவில் ஒரு வண்டி மட்டும் போனால் ஆளை ஏற்றலாம். இரண்டு வண்டி போனால் இரண்டும் சந்துக்குள் மாட்டிக்கொள்ளும். அடுத்த சுற்றும் நகராது.

திங்கட்கிழமை நண்பகலுக்குள் அச்சகத்துக்கு அச்சுப் படங்களை அனுப்ப வேண்டும். தவறினால் மே மாதச் சந்தைக்குப் பெட்டி வராது. சந்தையில் அவளுக்கு இடம் ஒதுக்கியாயிற்று. பதினொரு வருஷம் அடுத்தவர் ஆட்டத்தைப் பிரித்துப் போட்டவள், தன்னுடையது என்று ஒரு பெட்டியும் அச்சடித்ததில்லை. ‘பேச்சுதான், ஒண்ணு செஞ்சு காட்டட்டுமே’ என்று முதுகுக்குப் பின்னால் சொல்கிறவர்கள் உண்டு என்பதும் அவள் காதுக்கு வந்திருக்கிறது. நூறு தடவை ஆடிப் பார்க்காமல் அச்சடிக்காதே என்பது அவள் எல்லாருக்கும் சொல்வது. தன்னுடையதை நூற்றுப் பன்னிரண்டு தடவை ஆடிவிட்டாள். நோட்டில் குறித்திருக்கிறாள். அந்த ஊர்க்காரர்கள் எண்ணிக்கையை ஒரு எழுத்தின் கோடுகளால் குறிப்பார்கள். ஐந்து கோடு சேர்ந்தால் எழுத்து முழுசாகும், அந்த எழுத்துக்குப் பொருள் ‘சரி’. அவள் நோட்டில் இருபத்திரண்டு ‘சரி’, மேலே இரண்டு கோடு.

ஒரே ஒரு சட்டத்தைத்தான் தனக்காகத் தளர்த்தியிருந்தாள். ஆட்டம் செய்தவர் ஆடக் கூடாது. ஆனால் இரண்டு மணிக்கு மேல் மூன்றாவது ஆளுக்கு எங்கே போவது?

நூற்றுப் பதிமூன்றாவது ஆட்டம் நாற்பது நிமிஷத்தில் முடிந்தது. எப்போதும் அதே நாற்பது நிமிஷம். வண்டிகள் சரசரவென்று ஓடின, சந்தில் இரண்டே தடவைதான் மாட்டின, பதினொரு பேரும் குளிக்க வந்து சேர்ந்தார்கள். சனாயே இரண்டு புள்ளியில் ஜெயித்தாள். செருப்பு ஒன்றுகூடச் சத்தம் போடவில்லை.

“கமேயாமா சான், சொல்லுங்க. நினைச்சதைச் சொல்லாதீங்க, பார்த்ததைச் சொல்லுங்க.” யாரையும் அவள் இப்படித்தான் கேட்பாள்.

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். டையை நேராக்கிக்கொண்டார். “ஆட்டத்தைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க.”

“தெரிஞ்சதைக் கேக்கல. பார்த்ததை.”

“பார்த்தது...” அவர் ஹபுவைப் பார்த்தார், இச்சிஜிமாவைப் பார்த்தார், மன்னிப்புக் கேட்பதுபோல இருவருக்கும் லேசாகக் குனிந்தார். “இந்தத் தம்பியும் இந்த அம்மாவும் ரொம்ப நல்லா தோக்கறாங்க.”

பக்கத்து அறையில் பாட்டு நின்றிருந்தது.

“என்ன சொல்றீங்க?”

“நான் முப்பத்தாறு வருஷம் பண்ணினதுங்க. கை எங்க தயங்கும்னு எனக்குத் தெரியும். இந்தத் தம்பி முதல்ல ஒரு சீட்டை எடுக்கறாரு, உங்களைப் பாக்கறாரு, அதை உள்ள வச்சுட்டு வேற எடுக்கறாரு. இந்த அம்மா உங்களுக்கு அப்புறம்தான் சீட்டு வைக்கறாங்க, பன்னெண்டு சுத்துலயும். நீங்க போற தெருவுக்கு ரெண்டு பேரும் வர்றதே இல்ல. ரெண்டு தடவை வந்தாங்க. அதுவும் எப்போ? உங்களுக்குச் சந்தேகம் வரக் கூடாத நேரத்துல. நல்ல கை. நானே அவ்வளவு சுத்தமா பண்ணினதில்ல.”

“நான் எந்தத் தெருவுக்குப் போறேன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்? சீட்டு கவுந்துல்ல இருக்கு.”

கமேயாமா தயங்கினார். பிறகு கையை நீட்டி, இரண்டு விரலால் தள்ளுநாற்காலிக்காரப் பொம்மையின் தோளைத் தொட்டுக் காட்டினார். “நீங்க யாரை ஏத்தப் போறீங்களோ, முதல்ல அவங்களை இப்படித் தொடறீங்க.”

சனாயே தன் வலது கையைப் பார்த்தாள். அந்த நேரத்திலும் அது பலகை மேல்தான் இருந்தது. இரண்டு விரல் ஜன்னலோரப் பாட்டியின் தோளில்.

கையை வெடுக்கென்று மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

“ஹபு.”

“அக்கா...”

“எத்தனை நாளா?”

ஹபு பல்லை நாக்கால் துழாவினான். “மூணாவது ஆட்டத்துலேர்ந்து. ஞாபகம் இருக்கா, அன்னைக்கு நீங்க தோத்தீங்க. ‘பரவால்ல, பரவால்ல’ன்னு ரெண்டு தடவை சொல்லிட்டுக் கோப்பை கழுவப் போனீங்க. ஆறு கோப்பை. அரைமணி நேரம் ஆச்சு. நான் கதவுகிட்ட நின்னு பாத்தேன், ஒரே கோப்பையைக் கழுவிக்கிட்டே இருந்தீங்க. அதான், நான் ஒருத்தன் ஒதுங்கினா என்ன குறைஞ்சுடும்னு...”

“நீ ஒருத்தனா?” என்றாள் இச்சிஜிமா. அவள் கையிலிருந்து ஆரஞ்சு சுளை விழுந்தது. “அப்ப நீயுமா?”

“நீங்களுமா?”

“நான் ஒருத்திதான்னு நினைச்சேன். நீ தாராளமா ஆடறதைப் பாத்து, நான் விட்டுக்குடுத்தாலும் இவன் மோதுவான், ஆட்டம் கெடாதுன்னு நினைச்சேன்.”

“நான் உங்களைப் பத்தி அதையேதான் நினைச்சேங்க.”

ஒருவரை ஒருவர் வெறித்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஆறு வருஷம் ஒரே மேசையில் முழங்கையை உரசிக்கொண்டு திருடிய இருவர், ஒருவரையொருவர் இப்போதுதான் கண்டுபிடித்தார்கள்.

“உனக்கு என்ன வந்துச்சு, இச்சிஜிமா சான்?” சனாயேவின் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. குளியல் தண்ணீர் சூடு போதுமா என்று கேட்கிற குரல்.

“வாரத்துல மூணு நாள் எங்கம்மாவை நீங்க குளிப்பாட்டறீங்க. என்னையே யாருன்னு தெரியாம கடிச்சு வைக்கறவங்க, உங்க கையில மட்டும் அமைதியா இருக்காங்க. அதுக்கப்புறம் நான் சனிக்கிழமை இங்க வந்து உங்க வண்டியை எப்படி மறிக்கறது? கை வரலீங்க.”

உங்களுக்கு நன்றிக்கடன் படாதவன்தான் உண்மையா ஆடுவான். அதைச் சொல்லி முழுசாக இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. கமேயாமாவின் நோட்டில் மை காய்ந்த புதிது.

“நூத்துப் பன்னெண்டு ஆட்டத்துல நான் எழுபத்து நாலு ஜெயிச்சிருக்கேன்,” என்றாள் சனாயே. “நானே செஞ்சது, எனக்கு அத்துப்படின்னு நினைச்சுக்கிட்டேன். எல்லாத்தையும் ஜெயிச்சிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும்.”

“அதாங்க கை,” என்றார் கமேயாமா. தொழில்காரன் தொழிலைப் பற்றிப் பேசும்போது வரும் அக்கறையோடு சொன்னார். “மூணுல ரெண்டு குடுக்கணும். ஒண்ணைப் புடுங்கிக்கணும், அதுவும் மயிரிழையில. அப்பத்தான் அவரு பல்லைக் கடிச்சுக்கிட்டு அடுத்த வாரமும் கூப்பிடுவாரு. எங்க பெரிய வாடிக்கையாளர் ஒருத்தர், பதினெட்டு வருஷம் என்னை ஷோகி சதுரங்கத்துல ஜெயிச்சவரு. ஓய்வு வாங்கினப்புறம் போட்டிக்குப் போனாரு. முதல் சுத்துல ஒரு சின்னப் பொண்ணுகிட்ட தோத்தாரு. அதுக்கப்புறம் என் போனை எடுக்கறதே இல்ல.”

“அது செத்தாய்னு அவருக்கு யாரு சொன்னா?”

“யாரும் சொல்லலீங்க. அதான் தப்பு.”

செத்தாய். தமிழ்க் காதுக்கு அந்த வார்த்தை எப்படி விழுமோ, அன்றைக்குச் சனாயேவின் காதில் அப்படித்தான் விழுந்திருக்க வேண்டும். அவள் அழவில்லை. கோபப்படவும் இல்லை. சட்டையில் குத்தியிருந்த கடிகாரத்தை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, தன் இடது மணிக்கட்டில் விரல் வைத்துத் தானே நாடி பார்த்தாள். கால் நிமிஷம் எண்ணினாள். “கொஞ்சம் வேகம்,” என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். பிறகு பதினொரு பொம்மைகளையும் திரும்ப வாசல்களில் நிறுத்தினாள்.

“ஆடுங்க. இந்தத் தடவை மறிக்கணும். மறிக்காதவங்க இனி என் மேசைக்கு வர வேணாம்.”

இரண்டு கையையும் மேசைக்கடியில் வைத்துக்கொண்டு, சீட்டை மடியிலேயே தேர்ந்தெடுத்தாள். முதல் சுற்று: மூன்று வண்டியும் தள்ளுநாற்காலிக்காரர் தெருவில். மூன்றும் மாட்டின. அடுத்த சுற்று யாரும் நகரவில்லை. மூன்றாவது சுற்று: அவர் இன்னும் அங்கேயேதான் இருந்தார், புள்ளியும் அங்கேயேதான் இருந்தது. மூன்று வண்டியும் அங்கேயே போயின. ஐந்தாவது சுற்றில் ஹபு பயந்து வேறு தெருவுக்குப் போனான்; இச்சிஜிமாவும் அதே பயத்தில் அதே தெருவுக்குப் போனாள். டப். யார் செருப்பு என்று தெரியவில்லை. எட்டாவது சுற்றில் எல்லார் செருப்பும்.

பன்னிரண்டு சுற்று முடிந்தபோது இரண்டு பேர்தான் குளிக்க வந்திருந்தார்கள். மீதி ஒன்பது பேரும் வாசலில் நின்றார்கள், நகப்பூச்சு மூக்குக்கண்ணாடியோடு. நகரவே நகராத ஆட்டம். ஆறு வருஷமாக ஒரு நாள்கூட அது தானாக ஓடவில்லை. இரண்டு பேர் சேர்ந்து தள்ளிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

கடைசியில் இச்சிஜிமாதான் வாயைத் திறந்தாள். “ஆனாலும், சுவா...”

“கோப்பை கழுவணும்,” என்றான் ஹபு அவசரமாக. அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“அக்கா, திங்கக்கிழமை?” என்று கேட்டான் அவன். “படமெல்லாம் வரைஞ்சாச்சு. சந்தையில வாங்கறவனுக்கு இது தெரியவா போகுது? இந்த ஊருல பாதிப் பேரு வீட்டுல அம்மா ஜெயிக்கட்டும்னுதான் ஆடறான். ஓடிடும்.”

“திங்கக்கிழமை அச்சகத்துக்காரங்க காத்துக்கிட்டு இருக்கட்டும். ஒன்பது பேரை வாசல்ல நிறுத்திட்டு வண்டிக்குப் படம் போட்டு விக்க முடியாது.”

“அப்ப மே மாசச் சந்தை?”

“போய்ப் பாத்துட்டு வரலாம். நுழைவுச் சீட்டு வாங்கிக்கிட்டு.”

சொல்லிவிட்டு நோட்டை எடுத்தாள். இருபத்திரண்டு ‘சரி’ இருந்த பக்கத்தைக் கிழிக்கவில்லை, அடிக்கவும் இல்லை, திருப்பினாள். வெற்றுப் பக்கத்தின் தலையில் படுக்கையாக ஒரு கோடு இழுத்தாள். ‘சரி’ என்ற எழுத்தின் முதல் கோடு அப்படித்தான் தொடங்கும். மணி மூன்றரை. அறை ஐந்து வரை இருக்கிறது.

“கமேயாமா சான், உங்களுக்கு நான் என்ன பண்ணியிருக்கேன்?”

அவர் யோசித்தார். “என் பித்தளைத் திருகாணியை எடுக்கச் சொன்னீங்க.”

“நல்லது. நன்றி ஒண்ணும் இல்லையே? என் இடத்துல உக்காருங்க. உங்க தொழிலை இங்க காட்டக் கூடாது.”

“தோக்காம ஆடினதே இல்லீங்க நான்,” என்றார் அவர். உட்கார்ந்து, டையைக் கழற்றி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

சனாயே சுவரோரம் போனாள். நாற்காலி அங்கேதான் இருந்தது, அறைப்பக்கம் திரும்பியபடி. அதன் முதுகை இரண்டு விரலால் தொட்டாள். தொட்டது தெரிந்து கையைப் பார்த்தாள். பிறகு அதைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டாள். கோப்பையில் தானே தேநீர் ஊற்றிக்கொண்டாள், விளிம்பு தளும்ப. உட்கார்ந்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். எதிரே தீயணைப்பு அறிவிப்பு. பதினொரு வருஷத்தில் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவள் படித்ததில்லை.

பின்னால் சீட்டு கலைக்கும் சத்தம். கமேயாமா விதியை உரக்கப் படித்தார். மூன்றாவது வரியைத் தப்பாகப் படித்தார்: மாட்டின வண்டி அடுத்த சுற்று நகராது என்பதற்குப் பதில், மாட்டின வண்டியை அடுத்தவர் தள்ளிவிடலாம் என்று. அப்படி ஒரு விதியே கிடையாது. சனாயேவின் வாய் திறந்தது. தோள் அரைவாசி திரும்பியது. சுடுதேநீர் வழிந்து கட்டைவிரலில் ஓடியது.

“தள்ளிவிடலாமா?” என்றான் ஹபு. “யாரு தள்ளறது? எனக்கு என்ன குடுப்பீங்க?”

அவள் வாயை மூடிக்கொண்டாள். கட்டைவிரலைத் துடைக்கவில்லை. கால்விரலால் தன் பச்சைச் செருப்பு இரண்டையும் ஒவ்வொன்றாக, ஓசைப்படாமல் கழற்றி, சுவரோரம் ஒதுக்கி வைத்தாள்.